மாலைச் சூரியனும் இறங்குதுறையும்: யாழ்ப்பாணத்தில் படம் எடுப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

சனிக்கிழமைப் பின்னேரங்களில் கமராவைத் தூக்கிக்கொண்டு குருநகருக்கோ பண்ணைக்கோ குறிகட்டுவானுக்கோ போய்வரும் பழக்கம் எனக்குப் பல ஆண்டுகளாக உண்டு. கூட வரும் இளையவர்களும், விடுமுறைக்கு ஊர் வந்து துறையில் சந்திப்பவர்களும் ஏறத்தாழ ஒரே ஐயங்களைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் அவசரத்தில், சூரியன் இறங்கிக்கொண்டிருக்கும்போது அரைகுறையாகப் பதில் சொல்ல நேர்வதால், ஆறுதலாக எழுதி வைத்தால் பயன்படும் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்ச்சொல்லிலேயே விட்டிருக்கிறேன்.

யாழ்ப்பாணத்தில ஏரி எண்டு ஒண்டும் இல்லையே, பிறகு ஏரிக்கரைப் படம் எங்க எடுக்கிறது?

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை, பேர் சொல்லும்படியான ஏரியும் இல்லை என்பது உண்மைதான். ஆனால் எங்களுக்கு யாழ்ப்பாணக் கடனீரேரி இருக்கிறது. ஊரில் பரவைக்கடல் என்று சொல்வதும் இதைத்தான். தீவுகளும் குடாநாட்டுக் கரையும் சுற்றி நின்று மறிப்பதாலும், பல இடங்களில் ஆளின் இடுப்பளவுக்கு மேல் ஆழம் இல்லாததாலும் அங்கே அலை எழும்ப இடமில்லை. காற்று அடங்கிய மாலையில் தண்ணீர் ஏரியைப் போலவே அசையாமல் கிடக்கும். வெளிநாட்டுப் படங்களில் பார்க்கும் ஏரிக்கரை மரத்துறைகளின் அமைதி வேண்டுமென்றால், அது பரவைக்கடலின் ஓரத்தில் தாராளமாகக் கிடைக்கிறது. கூடவே வள்ளங்களும், மீனை மறித்துப் பிடிக்கும் சிறகுவலையின் கம்புகளும், கொக்குகளும், மாரி முடிவில் சில இடங்களில் பூநாரைகளும் கிடைக்கின்றன.

எந்த இறங்குதுறைக்குப் போனால் நல்ல படம் வரும்?

பழகத் தொடங்குபவருக்கு நான் குருநகரையே சொல்வேன். தெற்கைப் பார்த்த கரை அது. கடலைப் பார்த்து நின்றால் சூரியன் வலக்கைப் பக்கமாக இறங்கும். ஆகவே துறையும் வள்ளங்களும் பக்கவாட்டு வெளிச்சத்தில் நிற்கும், நேரே சூரியனோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. மாலையில் அங்கே எப்போதும் வேலை நடக்கிறது. வலை தட்டுகிறார்கள், இயந்திரம் கழற்றுகிறார்கள், அடுத்த தொழிலுக்கு ஐஸ் ஏற்றுகிறார்கள். ஆட்கள் இல்லாத துறைப்படம் எனக்கு எப்போதும் அரைப்படமாகவே தோன்றும்.

கடலுக்குக் குறுக்கே தீவுப்பக்கம் போகும் வீதியான பண்ணைத் தாம்போதியில் இறங்குதுறை என்று பெரிதாக எதுவும் இல்லை, வள்ளம் கட்டும் இடங்கள்தான் உண்டு. ஆனால் மேற்கே நீர்ப்பரப்பு நன்றாகத் திறந்து கிடக்கிறது. அங்கே நிற்பவர்கள் எல்லோரும் மேற்கையே பார்த்துக்கொண்டிருக்க, பின்னால் நடப்பதைத் தவறவிடுகிறார்கள். 1618 இல் போர்த்துக்கேயர் கட்டத் தொடங்கி 1658 இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டையின் முருகைக்கல் மதில், சூரியன் விழுவதற்கு முந்திய பத்து நிமிடத்தில் தேன் நிறத்துக்கு மாறும். ஒரு தடவையாவது திரும்பிப் பாருங்கள்.

குறிகட்டுவான் நகரிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீற்றர் தூரத்தில், புங்குடுதீவின் மேற்குக் கரையில் இருக்கிறது. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகு ஏறும் இடம் என்பதால் நாள் முழுவதும் ஆட்கள் வந்துபோவார்கள். யூன், யூலை மாதங்களில் சூரியன் நயினாதீவின் பக்கமாகவும், டிசம்பரில் நெடுந்தீவுப் பக்கத்துத் திறந்த கடலிலும் இறங்கும். ஊர்காவற்துறையில் இருந்து பார்த்தால் வடமேற்கே தண்ணீருக்குள் கடற்கோட்டை தெரியும். ஆட்களை ஏற்றிக் காரைநகருக்குப் போய்வரும், ஊரில் ‘பாதை’ என்று சொல்லும் மிதவை, கோட்டையோடு ஒரே சட்டத்துக்குள் வரும் நேரத்துக்காகக் காத்திருப்பது வீண்போகாது.

எத்தனை மணிக்குப் போய் நிக்க வேணும்?

யாழ்ப்பாணத்தில் சூரியன் மறையும் நேரம் ஆண்டு முழுவதும் ஐம்பது நிமிடத்துக்குள்தான் கூடிக் குறைகிறது. நவம்பர் நடுப்பகுதி தொடக்கம் இறுதி வரை மாலை 5.45 ஐ ஒட்டி மறைகிறது. யூலை முற்பகுதியில் 6.35 வரை போகிறது. மார்ச் 20 ஐ ஒட்டி 6.20 அளவிலும், செப்டெம்பர் 23 ஐ ஒட்டி 6.05 அளவிலும் மறையும். அந்த நேரத்துக்கு ஒரு மணித்தியாலம் முன்னதாகத் துறையில் இருக்க வேண்டும். இடத்தைப் பார்த்து, எந்த வள்ளம் எங்கே கட்டியிருக்கிறது என்று அறிந்து, யாரிடம் கேட்க வேண்டுமோ அவரிடம் கேட்டு முடிக்க அவ்வளவு நேரம் வேண்டும்.

கைமதிப்பு ஒன்றும் சொல்கிறேன். கையை முழுதாக நீட்டி, சூரியனின் அடி விளிம்புக்கும் அடிவானத்துக்கும் இடையில் எத்தனை விரல் படுக்கையாக அடங்குகிறது என்று பாருங்கள். ஒரு விரலுக்கு ஏறத்தாழ எட்டு நிமிடம் என்று கணக்கிடலாம். விரலுக்குப் பதினைந்து நிமிடம் என்று சில காணொளிகளில் சொல்வார்கள். அந்தக் கணக்கு எங்களுக்குப் பொருந்தாது. நிலநடுக்கோட்டுக்கு அண்மையில் இருப்பதால் எங்கள் சூரியன் சாய்வாக அல்லாமல் ஏறத்தாழச் செங்குத்தாகவே இறங்குகிறது. அதன் வட்டம் அடிவானத்தைத் தொட்டதில் இருந்து முழுதாக மறைய இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் எடுக்கும்.

போன மாதம் சூரியன் துறைக்கு நேர விழுந்தது, இப்ப ஏன் தள்ளிப் போச்சு?

சூரியன் நேர் மேற்கில் மறைவது ஆண்டில் இரண்டு காலங்களில் மட்டுமே, மார்ச் 20 ஐயும் செப்டெம்பர் 23 ஐயும் ஒட்டிய நாட்களில். யூன் 21 அளவில் மேற்கிலிருந்து 24 பாகை வடக்கே ஒதுங்கியும், டிசம்பர் 21 அளவில் அதேயளவு தெற்கே ஒதுங்கியும் மறைகிறது. அடிவானத்தில் மொத்தம் 48 பாகை அகலத்துக்கு அது நடந்து திரிகிறது என்று பொருள். கையை நீட்டி விரல்களை விரித்தால் பெருவிரல் நுனிக்கும் சின்னிவிரல் நுனிக்கும் இடையே இருபது பாகை அளவு வரும். அப்படி இரண்டு சாணுக்கும் மேல்.

இந்த நடை ஒரே வேகத்தில் நடப்பதில்லை. யூனிலும் டிசம்பரிலும் கிழமைக்கணக்கில் ஏறத்தாழ ஒரே இடத்தில் நிற்கும். மார்ச்சிலும் செப்டெம்பரிலும் கிழமைக்கு மூன்று பாகை அளவு நகர்ந்துவிடும். துறையின் நுனியில் நேராகச் சூரியன் விழும் படம் வேண்டுமென்றால், கைப்பேசியின் திசைகாட்டியைத் துறையின் நீளத்தோடு பிடித்து அதன் பாகையைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊரில் சூரியன் மறையும் பாகை 246 க்கும் 294 க்கும் இடையில்தான் வரும். துறை அதற்கு வெளியே நோக்கினால் அந்தப் படம் எந்த நாளும் அமையாது. அடிவயிற்றில் கோபம் வர வேண்டாம், வேறு கோணம் பாருங்கள்.

எந்த மாதம் நிறம் நல்லா வரும்?

மே தொடக்கம் செப்டெம்பர் வரை சோளகம் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும். தண்ணீர் கலங்கும், கரையில் புழுதி எழும், அடிவானத்தில் மங்கல் படியும். சூரியன் சிவந்த தட்டாகத் தெளிவாகத் தெரியும் என்றாலும் முகில் குறைவதால் வானம் வெறுமையாக இருக்கும். ஒக்ரோபர் தொடக்கம் டிசம்பர் வரை மாரி. பல மாலைகள் மழையோடு போய்விடும். ஆனால் பிற்பகல் மழை விட்டு, மேற்கே அடிவானத்தில் மட்டும் முகில் கிழிந்து ஓர் இடைவெளி தெரிந்தால் செய்கிற வேலையைப் போட்டுவிட்டுத் துறைக்குப் போங்கள். சூரியன் அந்த இடைவெளிக்குள் இறங்கும்போது முகில்களின் அடிப்பக்கம் முழுவதையும் கீழிருந்து ஒளியூட்டும். என்னிடம் உள்ள மிகச் சிறந்த நான்கைந்து படங்களும் நவம்பரில் இப்படி எடுத்தவையே.

கண்ணாடி போன்ற தண்ணீர் வேண்டுமென்றால் வாடை என்ற வடகிழக்குக் காற்று ஓய்ந்து சோளகம் தொடங்குவதற்கு இடைப்பட்ட பெப்ரவரி இறுதி தொடக்கம் ஏப்ரல் வரையான காலம். பறுவ நாளை மறக்க வேண்டாம். அன்று மேற்கில் சூரியன் விழும் அதே வேளையில் கிழக்கில் முழுநிலா எழும். ஒரே துறையில் நின்று இரண்டையும் எடுக்கலாம்.

நல்ல கமரா வாங்கத்தான் வேணுமோ, போன் காணாதோ?

காணும். துறை, வானம், தண்ணீர் என்ற விரிந்த காட்சிக்குப் போன் நன்றாகவே போதும். மூன்று காரியங்களைச் செய்யுங்கள். ஒன்று, லென்சை மென்மையான துணியால் துடையுங்கள். விரல் எண்ணெய் படிந்த லென்சில் சூரியனைச் சுற்றிப் புகைபோல் ஒரு வெண்மை பரவும். இரண்டு, திரையில் வானத்தின் ஒளிர்வான பகுதியில், சூரியனுக்குச் சற்றுப் பக்கத்தில், விரலை அழுத்திப் பிடித்து ஒளியளவைப் பூட்டுங்கள். பிறகு விரலைக் கீழே இழுத்துச் சற்று இருட்டாக்குங்கள். மூன்று, விரலால் விரித்துப் பெரிதாக்க வேண்டாம். அது படத்தை வெட்டி ஊதுவதே தவிர வேறில்லை. காலால் நடந்து கிட்டப் போங்கள்.

போன் தோற்கும் இடங்கள் இரண்டு. சூரியன் மறைந்து அரை மணித்தியாலத்துக்குப் பின்னான மெல்லிய ஒளி ஒன்று. அடுத்த பதிலில் வரும் பெரிய சூரியன் மற்றது.

கண்ணுக்கு அவ்வளவு பெரிசாத் தெரியிற சூரியன் போன் படத்தில ஏன் பொட்டுப்போல வருகுது?

கண்ணுக்குத் தெரிவது மனம் செய்யும் பெருக்கல். வானத்தில் சூரியனின் உண்மையான அகலம் அரைப் பாகை மட்டுமே, நீட்டிய கையின் சின்னிவிரல் நகத்துக்குள் அது அடங்கிவிடும். அடிவானத்தில் இருக்கும்போதும் உச்சியில் இருக்கும்போதும் அதே அளவுதான். போனின் வழமையான லென்ஸ் அகன்ற காட்சியைப் பிடிப்பதால், கிடையாகப் பிடித்து எடுத்த படத்தின் உயரத்தில் சூரியன் ஏறத்தாழ நூறில் ஒரு பங்குதான் வரும். முழுச்சட்டக் கமராவில் 400 மில்லிமீற்றர் லென்ஸ் போட்டால் அது ஆறில் ஒரு பங்கை நெருங்கும்.

பெரிய லென்சால் எடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கண்ணாடி வழியாக நேரே பார்க்கும் பழைய வகைக் கமராக்களில், சூரியன் இன்னும் சுள்ளென்று இருக்கும்போது கண்ணை வைத்துப் பார்க்கக் கூடாது. லென்ஸ் வெயிலைக் குவித்துக் கண்ணுக்குள் அனுப்பும். திரையில் பாருங்கள், அல்லது வெறுங்கண்ணுக்குக் கூசாத அளவுக்கு அது சிவந்து மங்கும் வரை பொறுங்கள்.

வானம் சரியா வந்தா துறை கறுப்பாப் போகுது, துறை சரியா வந்தா வானம் வெள்ளையாப் போகுது. என்ன செய்யிறது?

இரண்டுக்கும் இடையிலான ஒளி வேறுபாட்டைக் கமராவால் ஒரே படத்தில் பிடிக்க முடிவதில்லை. ஆகவே எதை விட்டுக்கொடுப்பது என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். சூரியன் வானில் இருக்கும் வரை நான் வானத்துக்கு ஒளியளந்து, துறையைக் கறுத்த நிழலுருவாக விட்டுவிடுவேன். கமராவில் ஒளியுணர்திறனை ஐஎஸ்ஓ 100 இலும், லென்சின் துவாரத்தை எஃப் 8 இலும் வைத்து, ஷட்டரை 125 இல் ஒரு பங்கு, 250 இல் ஒரு பங்கு நொடி என்று மாற்றிப் பார்த்துத் தொடங்கலாம். நிழலுரு என்று தீர்மானித்தால் உருவங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் பார்ப்பது முக்கியம். இரண்டு வள்ளங்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் படத்தில் அது என்னவென்றே தெரியாத கறுப்புக் குவியலாகிவிடும். ஓரடி இடப்பக்கம் நகர்ந்தால் இடையில் வெளிச்சம் புகுந்து இரண்டும் வள்ளமாகிவிடும்.

துறையின் பலகையும் கயிறும் தெரிய வேண்டுமென்றால், ஒளியளவை மாற்றி மூன்று படங்கள் எடுத்துப் பின்னர் இணைக்கலாம். கமரா பதிந்ததைச் சுருக்காமல் அப்படியே வைத்திருக்கும் ரோ வடிவில் எடுத்தால் இருட்டுப் பகுதியில் இருந்து ஓரளவு மீட்கலாம். வெள்ளையாகிப் போன வானத்தை எதாலும் மீட்க முடியாது. சந்தேகம் வந்தால் இருட்டின் பக்கம் சாயுங்கள்.

கண்ணால பார்த்த சிவப்பு படத்தில வருகுதில்லையே?

வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி நிறங்களைச் சரிசெய்யும் வெண்சமநிலையைக் கமரா தானாகப் பார்க்கும்போது, சிவப்பு மிகுதியாக இருப்பதைப் பிழை என்று எண்ணித் திருத்திவிடுகிறது. அந்த அமைப்பை வெயில் அல்லது முகில் அடையாளத்துக்கு மாற்றுங்கள். மாலை முழுவதும் அதை அப்படியே விடுங்கள். ஒளி கூடிப்போனாலும் சிவப்பு வெளிறும். அதற்கு முந்திய பதிலைப் பார்க்க.

துறையைப் படத்தில நடுவில வைக்கிறதோ, ஓரத்தில வைக்கிறதோ?

துறை நீளமாக ஓடும் ஒரு கோடு. அதன் தொடக்கத்தில் நின்று எடுத்தால் பார்ப்பவர் கண் அதன்மேல் நடந்து நுனிவரை போகும். அங்கே போனபின் பார்ப்பதற்கு ஏதாவது இருக்க வேண்டும். ஒரு ஆள், ஒரு தூண், கட்டிய வள்ளம், சூரியன் என எதுவும் ஆகலாம். ஒன்றும் இல்லையென்றால் நடுவில் வைப்பதும் ஓரத்தில் வைப்பதும் ஒன்றுதான். தண்ணீர் அசையாமல் நின்று, துறையும் அதன் நிழலும் சரிசமமாக விழும் நாளில் நடுவிலேயே வையுங்கள். மற்ற நாட்களில் மூன்றில் ஒரு பங்குக்கு ஒதுக்கி, வெறும் நீருக்கு இடம் விடுங்கள்.

கமராவை முழங்கால் உயரத்துக்கு இறக்கிப் பாருங்கள். நின்ற உயரத்தில் இருந்து எடுக்கும் படத்தில் துறையின் சிமெந்துத் தளம்தான் பாதியை நிரப்பும். இறக்கினால் கயிறு கட்டும் தூணும் அதில் சுற்றிய நைலோன் கயிற்றின் பிரிந்த நாரும் முன்னுக்கு வந்துவிடும். அடிவானம் சாயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பரவைக்கடல் ஒரு பக்கம் வழிந்து ஓடுவதுபோல் எடுத்த படத்தைப் பார்க்கவே மனம் பொறுக்காது.

கடல் வற்று, பெருக்கையும் கவனியுங்கள். எங்கள் பகுதியில் நீர்மட்ட வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவுதான். ஆனால் தண்ணீரே ஆழமில்லாத இடத்தில் அது பெரிய மாற்றம். வற்றில் சேறும் பாசிபிடித்த படிகளும் வெளியே தெரியும், வள்ளங்கள் சரிந்து கிடக்கும். பெருக்கில் அதே இடம் கண்ணாடித் தட்டாக இருக்கும். இரண்டும் படம்தான். பாசிப்படியில் மட்டும் கால் வைக்க வேண்டாம்.

சூரியன் இறங்கினாப்பிறகு எல்லாரும் போயிடுவினம். நீங்கள் ஏன் நிக்கிறியள்?

சூரியன் மறைந்தபின் பொதுவெளியில் எழுத்து வாசிக்கக்கூடிய ஒளி எங்களுக்கு ஏறத்தாழ 22 நிமிடம் கிடைக்கிறது. அந்த 22 நிமிடத்தில் வானத்தின் ஒளியும் துறையின் ஒளியும் ஒன்றையொன்று நெருங்கி வருகின்றன. வானமா துறையா என்று மேலே சொன்ன சண்டை தானாகவே தீர்ந்துவிடும். மறைந்து பத்து நிமிடத்தில் உயரத்து முகில்கள் இரண்டாம் தடவை சிவப்பதும் உண்டு. அதன்பிறகு நீலம் இறங்கும், துறை விளக்குகள் எரியும், அவற்றின் மஞ்சள் தண்ணீரில் நீளும்.

ஒரு மாசி மாதப் பின்னேரம் குருநகரில் எல்லோரும் வெளிக்கிட்ட பிறகு துறை ஓரத்தில் ஒரு ஐயா வலை பொத்திக்கொண்டு இருந்தார். வலையின் ஒரு கண்ணைக் கால் பெருவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்திருந்தார். ஊசி உள்ளே போய் வெளியே வந்து, ஒரு முடிச்சு இறுகும்போது விரல் சற்று மடங்கும். அவர் முகத்தில் நேரே வெளிச்சம் இல்லை. தண்ணீரில் கிடந்த சிவப்புத்தான் கீழிருந்து நாடியிலும் கண்ணிமையிலும் படிந்திருந்தது. கேட்டுவிட்டு ஏழு படம் எடுத்தேன். சூரியன் எங்கும் இல்லாத அந்தப் படத்தில்தான் அந்தி முழுவதுமாக இருக்கிறது. பெரும்பாலானோர் சூரியனைப் படம் எடுக்க வருகிறார்கள். துறையைப் படம் எடுக்க வாருங்கள் என்று நான் கேட்டுக்கொள்வது இதனால்தான்.

முக்காலி வைச்சும் படம் ஏன் கலங்குது?

முக்காலி நிற்கும் தளமே ஆடுவதால். மிதவைத் துறையில் முக்காலியும் தண்ணீரோடு சேர்ந்து ஆடும். மரப்பலகைத் துறையில் பத்தடி தள்ளி ஒருவர் நடந்தாலே அதிர்வு வரும். நான் ஒரு மாலை முழுவதும் மிதவையில் நின்று முப்பது நொடிப் படங்களாக எடுத்துத் தள்ளி, வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒன்றுகூடத் தேறவில்லை. கரையிலோ, சிமெந்துத் துறையிலோ முக்காலியை ஊன்றுங்கள். கால்களை நீட்டாமல் தாழ்வாக வையுங்கள், நடுத்தண்டை உயர்த்த வேண்டாம், காற்றில் அடிபடும் தோள்வாரைக் கழற்றுங்கள், விரலால் அழுத்தாமல் இரண்டு நொடித் தாமதம் வையுங்கள்.

நீண்ட நேரப் படத்தில் கட்டிய வள்ளங்கள் எப்படியும் அசைந்து கலங்கும். தண்ணீர் பட்டுப்போல் வர வேண்டும், வள்ளமும் தெளிவாக வர வேண்டும் என்றால், தரைதட்டி நிற்கும் வள்ளத்தைத் தேர்ந்தெடுங்கள், அல்லது வள்ளமே இல்லாமல் தூண்களை மட்டும் எடுங்கள்.

பில்டர் எல்லாம் வாங்க வேணுமோ?

தொடக்கத்தில் வேண்டாம். தண்ணீரை மென்மையாக்க ஒளிகுறைக்கும் கறுப்பு பில்டர் உதவும், ஆனால் சூரியன் மறைந்து கால் மணித்தியாலம் பொறுத்தால் அது இல்லாமலே ஷட்டர் ஒரு நொடி அளவுக்கு நீண்டுவிடும். பளபளப்பைக் குறைக்கும் முனைவாக்கி பில்டர் சூரியனுக்குப் பக்கவாட்டில் பார்க்கும்போதுதான் நன்றாக வேலை செய்யும். நேரே சூரியனைப் பார்த்து எடுக்கும்போது அதனால் பயன் மிகக் குறைவு. அந்தப் பணத்தில் நல்ல முக்காலி வாங்குங்கள்.

உப்புக்காத்து கமராவைப் பழுதாக்காதோ?

பழுதாக்கும், மெதுவாக. துறையில் நிற்கும்போது லென்ஸ் மாற்ற வேண்டாம். வீட்டுக்கு வந்தவுடன் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கமராவின் வெளிப்புறத்தையும் முக்காலிக் கால்களையும் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் துடையுங்கள். லென்ஸ் கண்ணாடியில் உப்புத்துளி காய்ந்திருந்தால் உலர்ந்த துணியால் தேய்க்காதீர்கள், கீறும். முதலில் ஊதி, பிறகு லென்ஸ் திரவம் தொட்ட துணியால் எடுங்கள்.

கோபுரத்துக்குப் பின்னால கோபுரமளவு சூரியன் நிக்கிற படம் பார்த்தன். அது ஒட்டினதோ?

ஒட்டாமலும் எடுக்கலாம். சூரியனின் அகலம் அரைப் பாகை என்று மேலே சொன்னேன். ஒரு பொருள் அதன் உயரத்தைப் போல 108 மடங்கு தூரத்தில் இருந்தால் அதுவும் அரைப் பாகைதான் தெரியும். 20 மீற்றர் உயரமான கோபுரம் இரண்டு கிலோமீற்றருக்குச் சற்று அப்பால் இருந்து பார்க்கும்போது சூரியனோடு சம உயரமாக நிற்கும். துறை நுனியில் நிற்கும் சராசரி உயரமுள்ள ஆளுக்கு அந்தத் தூரம் ஏறத்தாழ 180 மீற்றர். அந்தத் தூரத்துக்கு விலகிப்போய்ப் பெரிய லென்சால் எடுக்க வேண்டும். கிட்ட நின்று எடுத்த படத்தில் சூரியன் கோபுரமளவு இருந்தால், அது ஒட்டியதே.

பொருளும் சூரியனும் ஒரே கோட்டில் வரும் நாளை, திசை பற்றிய பதிலில் சொன்ன பாகைக் கணக்கால் கண்டுபிடியுங்கள். வட்டம் கடந்துபோக இரண்டு நிமிடம்தான் என்பதால், அன்றைக்கு நின்ற இடம் பிழைத்தால் திருத்த நேரம் இராது. முதல் நாள் போய் ஒத்திகை பாருங்கள்.

தொழில் செய்யிற ஆக்களை எடுக்கலாமோ? நேவி ஆக்கள் மறிப்பினமோ? ட்ரோன் விடலாமோ?

கேட்டுவிட்டு எடுக்கலாம். துறை அவர்களின் வேலைத்தலம். கமராவை நீட்ட முதல் வணக்கம் சொல்லி, எதற்காக எடுக்கிறோம் என்று சொல்லுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். வலைமேல் மிதிக்கக் கூடாது, காயப்போட்டதைத் தாண்டிப் போகக் கூடாது, கயிறு எறியும் பாதையில் முக்காலி வைக்கக் கூடாது. இந்தக் கரைகளில் பலருக்குக் கடலோடு சேர்ந்த துக்கங்களும் உண்டு. 1985 மே 15 அன்று நெடுந்தீவில் இருந்து குறிகட்டுவானுக்கு வந்துகொண்டிருந்த குமுதினிப் படகில் பயணிகள் கொல்லப்பட்டார்கள். ஆண்டுதோறும் அந்த நாளில் உறவுகள் நினைவுகூருகிறார்கள். அழுதுகொண்டு நிற்பவர் முகத்துக்கு முன்னால் அந்திச் சிவப்புக்காக யாரும் கமரா பிடிக்க வேண்டாம் என்று நான் மன்றாடிக் கேட்கிறேன்.

கடற்படை நிற்கும் துறைகளில் முதலில் காவலில் இருப்பவரிடம் கேளுங்கள். காவலரணையும் அவர்களுடைய படகுகளையும் சட்டத்துக்குள் கொண்டுவர வேண்டாம். ட்ரோன் பறக்கவிட சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் விதிகளும் அனுமதியும் உண்டு, அது இல்லாமல் எடுத்துப்போக வேண்டாம். அனுமதி இருந்தாலும் பூநாரைகள் மேயும் இடத்தில் விடாதீர்கள். கூட்டம் ஒரு தடவை கலைந்தால் அன்றைய மேய்ச்சல் போய்விடும்.

கனடாவில இருந்து டிசம்பரில வாறம், ஒரு பின்னேரம்தான் கிடைக்கும். எங்க போறது?

ஒரே ஒரு மாலை என்றால் குறிகட்டுவானுக்குப் போகும் ஆசையை விடுங்கள். மாரிக்காலத்தில் அவ்வளவு தூரம் ஓடிப்போய் மழையில் நின்றுவிட்டு வர நேரும். டிசம்பர் இறுதியில் சூரியன் 6 மணிக்குச் சற்று முன் மறைகிறது. ஐந்து மணிக்கு பண்ணைத் தாம்போதிக்குப் போய் மேற்கு அடிவானத்தைப் பாருங்கள். முன்னே சொன்ன இடைவெளி தெரிந்தால் அங்கேயே நில்லுங்கள். முகில் முழுதாக மூடியிருந்தால் குருநகருக்குத் திரும்பிவிடுங்கள். மூடிய வானத்தில் சூரியப் படம் இல்லை, ஆனால் நிழலே விழாத அந்த மென்மையான ஒளியில் ஆட்களையும் வள்ளங்களின் நிறங்களையும் எடுக்கலாம். டிசம்பரில் சூரியன் தெற்கே ஒதுங்கி மறைவதால், குருநகர்க் கரையில் நின்று கடலைப் பார்ப்பவருக்கு மற்ற மாதங்களைவிட அது உள்ளே வந்து விழும். உங்களுக்கு அது கூடுதல் வாய்ப்பு.

படகேறித் தீவுக்குப் போய் அங்கே அந்தியைப் பார்க்க நினைப்பவர்கள், கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று போகும்போதே துறையில் கேட்டு உறுதிசெய்யுங்கள். காலநிலை குழம்பினால் படகு ஓடாது.

வானம் சரியில்லாட்டி வேற வானத்தை மாத்தி ஒட்டினால் பிழையோ?

கலியாண அட்டைக்கு அலங்காரமாகச் செய்கிறீர்கள் என்றால் உங்கள் விருப்பம். குருநகர் என்று பெயர் போட்டு வெளியிடுகிறீர்கள் என்றால் பிழை என்றே நான் சொல்வேன். ஒளியைக் கூட்டலாம், குறைக்கலாம், சாய்ந்த அடிவானத்தை நிமிர்த்தலாம், லென்சின் தூசியை அழிக்கலாம். கண்ணால் காணாத சூரியனையும் பறவையையும் கொண்டுவந்து வைக்கக் கூடாது. பரவைக்கடலில் சிறகுவலைக் கம்புகள் எங்கே நிற்கின்றன, கடலட்டைப் பண்ணை வலைகள் எங்கே அடைத்திருக்கின்றன, வள்ளங்கள் எத்தனை என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. அழகாக இல்லை என்று நீங்கள் அழிக்கும் கம்பு, இருபது ஆண்டுக்குப் பிறகு பார்ப்பவருக்கு அந்தப் படத்தில் உள்ள மிகப் பெறுமதியான பொருளாக இருக்கலாம்.

எடுத்த படத்தை அவைக்குக் குடுக்க வேணுமோ?

கட்டாயம் கொடுங்கள். போனில் அனுப்பினாலும், கூடவே அச்சிட்டும் கொடுங்கள். போனில் வந்த படம் போனோடு தொலைந்துவிடும். உப்புக்காற்றில் வெறும் அச்சு சுருண்டு பூஞ்சணம் பிடிக்கும் என்பதால் லமினேற் செய்து கொண்டுபோங்கள். மேலே சொன்ன வலை பொத்திய ஐயாவுக்கு மூன்று மாதம் கழித்து அப்படி ஒன்று கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் தன் முகத்தைக் கண்டும் பெரிதாக எதுவும் சொல்லவில்லை. பின்னால் பாதி தெரிந்த நீலநிற வள்ளத்தில் விரலை வைத்து, அதை விற்றுவிட்டதாகவும், அதன் படம் தன்னிடம் வேறு இல்லை என்றும் சொன்னார். முழு வள்ளமும் தெரியும்படி அன்று எடுத்த வேறு படம் இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. அடுத்த சனிக்கிழமை கொண்டுபோனேன்.